பெரியவர்களுக்குத் தட்டம்மை: எந்த நாளில் எதைக் கவனிக்க வேண்டும்?

செம்பனை வீடு (சுங்கை சிப்புட்) கேட்டது:

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்து இப்போது முழுக்கச் செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆகிவிட்ட இடத்தில் நாங்கள் கூட்டுக் குடும்பமாக வாழ்கிறோம். என் கொழுந்தனார் 1985இல் பிறந்தவர்; செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். கடந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் காய்ச்சல் தொடங்கியது. கண்கள் சிவந்து நீர் வடிந்தது, மூக்கு ஒழுகியது, வறட்டு இருமல் விடவே இல்லை. முதலில் பார்த்த கிளினிக்கில் டிங்கியாக (டெங்கு) இருக்கலாம் என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டிங்கி இல்லை என்று வந்தது. புதன்கிழமை மாலை காதுக்குப் பின்னாலும் நெற்றியிலும் சிவந்த தடிப்புகள் தோன்றி, நேற்று மார்புக்கும் முதுகுக்கும் இறங்கிவிட்டன. நேற்று அரசாங்கக் கிளினிக்கில் தொண்டையிலும் ரத்தத்திலும் மாதிரி எடுத்துக்கொண்டு, தட்டம்மை என்று ஐயப்படுவதாகச் சொல்லி, எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்று வெள்ளிக்கிழமை. காய்ச்சல் இன்னும் 39 பாகைக்குக் குறையவில்லை.

தட்டம்மை குழந்தைகளுக்கு வருவது, ஒரு வாரத்தில் போய்விடும் என்றே இதுவரை கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் பெரியவர்களுக்கு வந்தால் கடுமையாக இருக்கும் என்று கிளினிக்கில் ஒருவர் சொன்னதிலிருந்து மனம் அமைதியடையவில்லை. பெரியவர்களின் உடலில் இது என்னவெல்லாம் செய்யும், எந்தச் சிக்கல் எப்போது வரும், எந்த அறிகுறியைக் கண்டால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

இன்னொரு கவலையும் இருக்கிறது. என் ஓரகத்தி, அதாவது அவருடைய மனைவி, ஐந்து மாதக் கர்ப்பிணி, 1988இல் பிறந்தவர். தடிப்பு தோன்றும் வரை இருவரும் ஒரே அறையில்தான் படுத்தார்கள். அவர்களுடைய ஆறு வயது மகனும், நீரிழிவு உள்ள 70 வயது மாமியாரும் அதே வீட்டில் இருக்கிறார்கள். கர்ப்பிணியைப் பற்றிக் கிளினிக்கில் யாரும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லத் தோன்றாமல் வந்துவிட்டோம்.

வெள்ளைச் சீருடை பதில்:

அக்கா, நான் பேராக்கில் தாய்சேய் நலப் பிரிவில் பணிபுரியும் தாதி. உங்கள் பதிவின் கடைசிப் பத்தியைப் பார்த்ததும் எழுதுகிறேன். மற்றவற்றைப் பிறகு படித்துக்கொள்ளலாம். உங்கள் ஓரகத்தியை இன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

காரணத்தைச் சொல்கிறேன். தட்டம்மை வந்தவரிடமிருந்து, தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாள் முன்பிருந்து தோன்றிய பின் நான்கு நாள் வரை கிருமி பரவும். புதன்கிழமை தடிப்பு தோன்றியது என்றால், சனிக்கிழமையிலிருந்தே அவர் மூச்சிலும் இருமலிலும் கிருமி வெளிப்பட்டிருக்கும். எதிர்ப்பாற்றல் இல்லாத கர்ப்பிணிக்கு இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்புரதத்தைச் செலுத்தலாம்; ஆனால் கிருமியோடு முதலில் தொடர்பு ஏற்பட்ட ஆறு நாட்களுக்குள் செலுத்தினால்தான் அது நோயைத் தடுக்கவோ அதன் கடுமையைக் குறைக்கவோ உதவும். சனிக்கிழமையிலிருந்து எண்ணினால் அந்த ஆறு நாள் இன்றோடு முடிகிறது.

அதனால் கர்ப்பகாலப் பதிவுப் புத்தகத்தையும், கொழுந்தனாருக்கு நேற்றுக் கொடுத்த சீட்டையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். புறப்படுவதற்கு முன் கிளினிக்கைத் தொலைபேசியில் அழைத்து, "வீட்டில் தட்டம்மை நோயாளி இருக்கிறார், ஐந்து மாதக் கர்ப்பிணியை அழைத்து வருகிறோம்" என்று சொல்லிவிடுங்கள். மற்றக் கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் அவரை உட்கார வைக்காமல் தனி வழியாக உள்ளே அழைத்துக்கொள்வார்கள். அவருக்கு ஏற்கெனவே எதிர்ப்பாற்றல் இருக்கிறதா என்பதை ரத்தப் பரிசோதனையில் அறியலாம். ஊசி தேவையா, ஈப்போ பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டுமா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்வார்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். "பள்ளியில் ரூபெல்லா ஊசி போட்டிருக்கிறேன்" என்று அவர் சொல்லக்கூடும். அவருடைய வயதுப் பெண்கள் பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். பள்ளியில் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் போடப்பட்ட அந்த ஊசி ரூபெல்லா என்னும் வேறொரு நோயைத் தடுப்பதற்கானது; தட்டம்மையிலிருந்து அது காப்பதில்லை. அந்தப் பதிலோடு யாரும் அவரைத் திருப்பி அனுப்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கர்ப்ப காலத்தில் தட்டம்மை வந்தால் தாய்க்கு நிமோனியா வரும் அபாயம் கூடுகிறது. கருச்சிதைவு, குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை ஆகியவையும் நேரலாம். ரூபெல்லாவைப் போல இது குழந்தைக்கு உறுப்புக் குறைகளை உண்டாக்குவதாகத் தெரியவில்லை என்பதை அவருக்குச் சொல்லுங்கள். கர்ப்பிணிகள் முதலில் அஞ்சுவது அதைத்தான். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றையும் தடுக்கும் எம்.எம்.ஆர். தடுப்பூசியை இப்போது அவருக்குப் போடக் கூடாது, ஏனெனில் அது உயிருள்ள, வலுவிழக்கச் செய்யப்பட்ட கிருமியால் ஆனது.

பழைய டிரெஸர் பதில்:

மகளே, தாதிப் பெண் சொன்னதை முதலில் செய்துவிட்டு வந்து இதைப் படி. நான் தோட்டத்து மருந்தகங்களில் டிரெஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்து ஓய்வு பெற்றவன். லயத்துக் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசை) குழந்தைகளுக்குத் தட்டம்மை வந்த காலத்தையும், அது கண்ணுக்கே படாமல் போன காலத்தையும், இப்போது முப்பது நாற்பது வயதுக்காரர்களுக்கு வருவதையும் பார்த்திருக்கிறேன்.

பெரியவர்களுக்கு இது ஏன் வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் உன் கொழுந்தனார் பிறந்த ஆண்டிலேயே பாதி விளக்கம் இருக்கிறது. மலேசியாவில் தட்டம்மைத் தடுப்பூசி 1982இல் தேசியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. ஒன்பது மாதக் குழந்தைக்கு ஒரே ஊசி. அதற்கு முன் பிறந்தவர்களில் பெரும்பாலோருக்குச் சிறு வயதிலேயே நோய் வந்துபோனதால் ஆயுள் முழுவதற்குமான எதிர்ப்பாற்றல் உண்டாகிவிட்டது. உன் மாமியாரும் அநேகமாக அவர்களில் ஒருவர்தான். 2002இல் எம்.எம்.ஆர். வந்தது. 2004இல் 7 முதல் 15 வயது வரையிலான மாணவர்களுக்குப் பள்ளிகளிலேயே கூடுதல் ஊசி போட்டார்கள். 1985இல் பிறந்தவருக்கு அந்த ஆண்டில் 19 வயது, 1988இல் பிறந்தவருக்கு 16 வயது. ஆக, கணவன் மனைவி இருவருமே ஒரே ஊசியோடு, அதுவும் போட்டிருந்தால், வளர்ந்தவர்கள். ஒன்பது மாதத்தில் போடும் ஒரே ஊசி நூற்றில் சுமார் 85 பேருக்குத்தான் பலன் தரும். மீதமுள்ள 15 பேர் தங்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்பது தெரியாமலே பெரியவர்களாகிவிடுகிறார்கள். ஆறு வயதுப் பையனைப் பற்றிக் கவலை குறைவு. 2016 முதல் 9 மாதத்திலும் 12 மாதத்திலும் இரண்டு முறை எம்.எம்.ஆர். போடுகிறார்கள், இரண்டும் போட்டிருந்தால் நூற்றுக்கு 97 பங்கு பாதுகாப்பு. அவனுடைய ஊசிப் புத்தகத்தை மட்டும் ஒரு முறை சரிபார்த்துக்கொள்.

இனி நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். தட்டம்மையைத் தோல் நோய் என்று நினைப்பதுதான் நம் மக்களிடம் உள்ள பெரிய தவறு. மூச்சின் வழியாக உள்ளே போகும் கிருமி, முதலில் நோயெதிர்ப்பு அணுக்களையே பிடித்துக்கொண்டு நெறிக்கட்டிகளுக்குப் போய்ப் பெருகி, பிறகு ரத்தத்தின் வழியாக நுரையீரல், குடல், கல்லீரல், தோல் என்று உடல் முழுவதும் பரவுகிறது. நாம் காணும் தடிப்பு, தோலில் உள்ள கிருமியை உடல் எதிர்த்துப் போராடுவதன் அடையாளம். அதனால்தான் எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றியவர்களுக்கு, உதாரணமாகப் புற்றுநோய் மருந்து எடுப்பவர்களுக்கு, தடிப்பே தோன்றாமல் நேராக நுரையீரல் பாதிக்கப்படலாம். தடிப்பு நன்றாக எழும்பிவிட்டது, இனி இறங்கிவிடும் என்று தைரியம் கொள்வது சரியில்லை. நீ விழித்திருக்க வேண்டிய நாட்கள் இனிமேல்தான் வருகின்றன.

சிக்கல்கள் அதிகமாக வருவது ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் இருபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும். அவற்றில் முதலிடம் நுரையீரலுக்கு. தட்டம்மைக் கிருமியே நிமோனியாவை உண்டாக்கலாம். அல்லது அது பலவீனப்படுத்திய நுரையீரலில் பாக்டீரியா புகுந்து இரண்டாவது நிமோனியாவை உண்டாக்கலாம். இரண்டாவது வகைக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யும். தட்டம்மைக் கிருமிக்கு அது ஒன்றும் செய்யாது. ஆகவே, கடையில் கேட்டு வாங்கி முன்கூட்டியே கொடுத்துவிடலாம் என்று நினைக்காதே. சாதாரணமாகத் தடிப்பு தோன்றிய மூன்று நான்கு நாட்களில் காய்ச்சல் தணியத் தொடங்க வேண்டும். நான்காம் நாளுக்குப் பிறகும் காய்ச்சல் குறையாமல் இருந்தாலோ, ஒரு நாள் குறைந்து மறுபடி ஏறினாலோ, சளியின் நிறம் மாறினாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்து வலி வந்தாலோ, நுரையீரலில் ஏதோ நடக்கிறது என்று பொருள். இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. அவரோடு பேச்சுக் கொடு. இடையில் மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க அவரால் முடிகிறதா என்று பார். கோவிட் காலத்தில் வாங்கிய, விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவி வீட்டில் இருந்தால், கையைச் சூடாக வைத்துக்கொண்டு ஒரு நாளில் சில முறை அளந்து ஒரு தாளில் எழுதி வை. 95க்குக் கீழே நின்றால் மருத்துவமனைக்குக் கொண்டு போ.

இரண்டாவது கல்லீரல். குழந்தைகளைவிடப் பெரியவர்களிடம்தான் இது அதிகம் காணப்படுகிறது. ரத்தத்தில் கல்லீரல் நொதிகளின் அளவு ஏறும். சிலருக்கு வலது விலாவுக்குக் கீழே வலியும் குமட்டலும் இருக்கும். பெரும்பாலும் நோய் தணியும்போது தானே சரியாகிவிடும். இங்கேதான் பெனடோல் (பாராசிட்டமால்) பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 500 மில்லிகிராம் மாத்திரைகளில் இரண்டை ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுக்கலாம்; ஒரு நாளைக்கு எட்டு மாத்திரைக்கு மேல் போகக் கூடாது. இது கல்லீரல் நன்றாக உள்ளவருக்கான உச்ச அளவு. காய்ச்சல் இறங்கவில்லை என்று இடையில் இன்னும் இரண்டைக் கொடுப்பதும், அதே மருந்து கலந்த சளி மாத்திரையை அறியாமல் சேர்த்துக் கொடுப்பதும் நம் வீடுகளில் வழக்கமாக நடப்பவை. கல்லீரல் ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருக்கும் நேரத்தில் அது பெரும் தீங்கு. கண்ணின் வெண்பகுதி மஞ்சளானாலோ சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்துக்கு வந்தாலோ, மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பார். மதுவை அறவே தவிர்க்க வேண்டும். டிங்கி முற்றிலும் இல்லை என்று உறுதியாகும் வரை ஆஸ்பிரினும், புருஃபென் போன்ற வலி மாத்திரைகளும் வேண்டாம். காய்ச்சலின் தொடக்க நாட்களில் எடுத்த ஒரே பரிசோதனையை மட்டும் நம்பிவிட முடியாது.

மூன்றாவது மூளை அழற்சி. ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் வரும். ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்து, பிழைத்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வலிப்போ காது கேளாமையோ நிரந்தரமாகத் தங்கிவிடும். தடிப்பு தோன்றிய முதல் இரண்டு வாரங்களுக்குள் இதைக் கவனிக்க வேண்டும். தாங்க முடியாத தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, கழுத்து விறைப்பு, எழுப்பினால் எழாத தூக்கம், பேச்சில் குழப்பம், வலிப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 999 அவசர எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

மற்றவை இவ்வளவு கொடியவை அல்ல. வயிற்றுப்போக்கும் காதுவலியும் வரலாம். கண்ணில் வலி, வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாத கூச்சம், பார்வை மங்கல் இருந்தால் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும், ஏனெனில் கருவிழியும் பாதிக்கப்படக்கூடும். ரத்தத் தட்டணுக்கள் சிலருக்குக் குறையும்.

பெரியவர்களிடம் யாரும் எடுத்துச் சொல்லாத இன்னொன்று உண்டு. இந்தக் கிருமி நோயெதிர்ப்பு அணுக்களையே அழிப்பதால், முன்பு வந்த நோய்களை நினைவில் வைத்திருக்கும் ஆற்றல் உடலில் குறைந்துபோகிறது. 2019இல் நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத குழந்தைகளின் ரத்தத்தை, நோய்க்கு முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிட்டபோது, மற்ற நோய்களுக்கு எதிராக அவர்கள் சேர்த்து வைத்திருந்த எதிர்ப்புரதங்களில் 11 முதல் 73 விழுக்காடு வரை காணாமல் போயிருந்தது. எனவே குணமான பிறகும் பல மாதங்களுக்கு வேறு தொற்றுகள் எளிதில் வரலாம். உடலுக்குள் உறங்கிக்கொண்டிருக்கும் காசநோயும் தலைதூக்கக்கூடும். வீட்டிலோ வேலையிடத்திலோ காசநோயாளி இருந்து, இவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், சளிப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேள்.

இணையத்தில் தேடினால், பல ஆண்டுகள் கழித்து மூளையைச் சிதைக்கும் ஒரு நோயைப் பற்றிப் படித்துவிட்டு நீ அஞ்சக்கூடும். அது பெரும்பாலும் இரண்டு வயதுக்கு முன் தட்டம்மை வந்த குழந்தைகளுக்கு ஏழு முதல் பத்து ஆண்டுகள் கழித்து வருவது. 40 வயதுக்காரரைப் பற்றி நீ அந்தக் கவலையைச் சுமக்க வேண்டியதில்லை.

ஈப்போ சாலை பதில்:

ஐயா சொன்னவற்றோடு, நோயாளியின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். எனக்கு 34 வயதில் தட்டம்மை வந்தது. வேலையிடத்து விடுதியில் ஒருவருக்கு வந்து, பிறகு எனக்கும் தொற்றியது. தடிப்பைவிட அதற்கு முந்தைய நாட்கள்தான் கொடுமையாக இருந்தன. கண்ணுக்குள் மணல் விழுந்தது போன்ற உறுத்தலால் சன்னல் திரையை மூடியே கிடந்தேன். கன்னத்தின் உட்புறம், கடைவாய்ப் பற்களுக்கு எதிரில், உப்புத் தூவியது போல வெண்புள்ளிகள் இருந்ததை மருத்துவர் டார்ச் அடித்துப் பார்த்துத்தான் நோயைக் கண்டுபிடித்தார். நம்மைப் போன்ற கறுத்த தோலில் தடிப்பின் சிவப்பு தெளிவாகத் தெரியாது. கையால் தடவிப் பார்த்தால் சொரசொரப்பாக இருக்கும். அதனால் வாய்க்குள் பார்க்கச் சொல்வது நல்லது, தடிப்பு தோன்றிய ஓரிரு நாளில் அந்தப் புள்ளிகள் மறைந்துவிடும்.

என்னை மருத்துவமனையில் சேர்த்ததற்குக் காரணம் கல்லீரல். நொதிகள் ஏறியிருந்தன, சாப்பிட்டது எதுவும் தங்கவில்லை, நரம்பு வழியாகத்தான் நீர் ஏற்றினார்கள். வைட்டமின் ஏ மாத்திரை இரண்டு நாட்களுக்குக் கொடுத்தார்கள். வீடு திரும்பிய பிறகு தடிப்புகள் பழுப்பேறித் தவிடு போல உதிர்ந்தன. இருமலும் அசதியும் மட்டும் வாரக்கணக்கில் விடவில்லை; படி ஏறினால் கால் நடுங்கியது. உங்கள் கொழுந்தனாருக்கும் அப்படி இருந்தால், சோம்பல் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

செம்பனை வீடு எழுதியது:

உங்கள் மூவருக்கும் என் நன்றியை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பதிவைப் பார்த்ததும் கிளினிக்கை அழைத்தோம். பின்வாசல் வழியாக வரச் சொன்னார்கள். ஓரகத்தியை அங்கிருந்து ஈப்போ பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி, ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பாற்றல் இல்லை என்று தெரிந்ததும் இன்று இரவே ஊசி மருந்து செலுத்தினார்கள். அவர் இப்போது தம் தாய் வீட்டுக்குப் போகலாமா என்று கேட்கிறார். கொழுந்தனாருக்கு இன்னும் காய்ச்சல் இருக்கிறது. ஆனால் ஒரே மூச்சில் பேசுகிறார், கருவி 97 காட்டுகிறது.

மாமியாரின் நிலைதான் வேறு. இது அம்மன் வந்து இறங்கியிருப்பது, மாத்திரை கொடுத்தால் அம்மாளுக்குக் கோபம் வரும், தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை வாசலைத் தாண்டக் கூடாது என்கிறார். உப்பில்லாத கஞ்சியைத் தவிர வேறு எதையும் கொடுக்க விடவில்லை. அவரை எதிர்த்துப் பேசி மனத்தை நோகடிக்க எனக்கு விருப்பமில்லை. என்ன செய்வது, ஐயா?

பழைய டிரெஸர் பதில்:

நல்ல செய்தி சொன்னாய், மகளே.

மாமியாரோடு சண்டை வேண்டாம். அவர் செய்வதில் பாதி நமக்கு உதவுகிறது. வாசலில் வேப்பிலை கட்டினால் தோட்டத்தில் யாரும் அந்த வீட்டுக்குள் நுழைய மாட்டார்கள். நோயாளி தனி அறையில், சுத்தமான துணியில், அமைதியாகக் கிடக்க வேண்டும் என்பதையும் அந்த வழக்கமே சொல்கிறது. தட்டம்மைக் கிருமி, நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை காற்றில் மிதக்கும்; எதிர்ப்பாற்றல் இல்லாதவர்கள் பத்துப் பேர் அருகில் இருந்தால் ஒன்பது பேருக்குத் தொற்றும். ஆகவே வேப்பிலை கட்டிய வாசலை நான் என்றும் குறை சொன்னதில்லை. அம்மனுக்கு விளக்கேற்றட்டும், மஞ்சள் நீர் தெளிக்கட்டும்.

விட்டுக்கொடுக்கக் கூடாதவை மூன்று. காய்ச்சலுக்கு மாத்திரை கொடுப்பது ஒன்று. மூச்சுத்திணறலோ மயக்கமோ வந்தால் தண்ணீர் ஊற்றும் நாளுக்குக் காத்திராமல் வாசலைத் தாண்டுவது இன்னொன்று. இவை இரண்டையும் உன் கணவரை விட்டுச் சொல்லச் சொல். தாயிடம் மகன் பேசுவது வேறு, மருமகள் பேசுவது வேறு. நான் வேலை பார்த்த நாளில், கோயில் பூசாரியையே அழைத்துப் போய், "அம்மாள் மருந்தைத் தடுக்கவில்லை" என்று அவர் வாயால் சொல்ல வைத்திருக்கிறேன். அதைப் போலப் பலன் கொடுத்த மருந்தை நான் கொடுத்ததில்லை.

மூன்றாவது உணவு. வியர்வையிலும் வயிற்றுப்போக்கிலும் உப்பு வெளியேறிக்கொண்டிருப்பவருக்கு உப்பில்லாக் கஞ்சி மட்டும் கொடுத்தால் அவர் இன்னும் தளர்ந்துபோவார். கஞ்சியில் உப்புப் போடு. இளநீர் கொடுக்கலாம், அதை மாமியாரும் மறுக்க மாட்டார். அவித்த முட்டை, பருப்பு, பூசணிக்காய், பப்பாளி, முருங்கைக்கீரை எல்லாம் கொடுக்கலாம். கீரையிலும் மஞ்சள் காய்களிலும் உள்ள சத்து உடலில் வைட்டமின் ஏ ஆகிறது. தட்டம்மை உடலிலிருந்து அதைத்தான் உறிஞ்சிவிடுகிறது, கண்ணுக்கு ஆபத்து வருவதும் அதனால்தான். அதிக அளவு வைட்டமின் ஏ மாத்திரையை மருத்துவர் கொடுத்தால் மட்டும் எடுக்க வேண்டும். அந்த மாத்திரை உன் ஓரகத்தியின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். கருவிலுள்ள குழந்தைக்கு அது கேடு.

நோய் அறிவிப்புச் சட்டப்படி சுகாதார ஆய்வாளர் வீட்டுக்கு வருவார். 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டத்தில் தட்டம்மை அறிவிக்க வேண்டிய நோய். யாரையும் தண்டிக்க அவர் வருவதில்லை. கொழுந்தனார் சனிக்கிழமையிலிருந்து எங்கெல்லாம் போனார், லாரியில் யார் உடன் இருந்தார், ஆலையில் யாரோடு சாப்பிட்டார் என்று கேட்பார். வெளிநாட்டுத் தொழிலாளர்களின் குடியிருப்பையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவர்கள்மேல் பழி விழுமோ என்று சிலர் தயங்குவதுண்டு. சொல்லாவிட்டால் அங்கே உள்ளவர்களுக்குத்தான் ஊசி கிடைக்காமல் போகும். 2019இல் கிளந்தான் குவா மூசாங்கை ஒட்டிய குவாலா கோ கிராமத்தில் பாத்தேக் பூர்வகுடி மக்கள் அடுத்தடுத்து இறந்தபோது முதலில் மர்ம நோய் என்றே பேசப்பட்டது. தட்டம்மை என்று சுகாதார அமைச்சு உறுதிப்படுத்தியது ஜூன் மாதத்தில்தான். காலத்தோடு தெரியவந்தால் காப்பாற்றக்கூடிய நோய் இது என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வெள்ளைச் சீருடை பதில்:

அக்கா, ஓரகத்திக்கு உரிய நேரத்தில் ஊசி கிடைத்ததில் எனக்குப் பெரும் நிம்மதி. தாய் வீட்டுக்கு இப்போது அனுப்ப வேண்டாம், குறிப்பாக அங்கே கைக்குழந்தையோ வேறு கர்ப்பிணியோ இருந்தால். தொற்றியிருந்தால் காய்ச்சல் தெரிய ஏறக்குறைய பத்து நாளும் தடிப்பு தெரிய இரண்டு வாரமும் ஆகும். சிலருக்கு மூன்று வாரம் வரை போகலாம். இம்யூனோகுளோபுலின் போட்டவர்களுக்கு அந்த இடைவெளி இன்னும் நீளக்கூடும் என்பதால், எத்தனை நாள் கண்காணிப்பு என்பதை மருத்துவரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள். அந்த நாட்களில் காய்ச்சலோ இருமலோ தொடங்கினால், மாதாந்திரப் பரிசோதனைக்குக் காத்திராமல், முன்போலத் தொலைபேசியில் சொல்லிவிட்டு வாருங்கள். குழந்தையின் அசைவு குறைந்தாலும், அடிவயிறு இறுகி வலித்தாலும், நீரோ ரத்தமோ கசிந்தாலும் அப்படியே.

கொழுந்தனாரிடமிருந்து கிருமி பரவும் காலம் ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. ஆனால் அதற்கும் லாரி ஓட்டத் தகுதி பெறுவதற்கும் தொடர்பில்லை. காய்ச்சல் முழுக்க விட்டு, தலைசுற்றலும் மூச்சிரைப்பும் இல்லாமல் நடமாட முடிந்த பிறகே அவர் வண்டியை எடுக்க வேண்டும். இருமல் மருந்துகளில் சில தூக்கத்தை வரவழைக்கும். குலை ஏற்றிய லாரியோடு செம்மண் சரிவில் இறங்குபவருக்கு அது ஆபத்து. எம்.சி. போதவில்லை என்றால் மருத்துவரிடம் நீட்டித்துக் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

வீட்டில் உள்ள மற்றப் பெரியவர்களைப் பற்றி: நோயாளியோடு முதல் தொடர்பு ஏற்பட்ட 72 மணி நேரத்துக்குள் எம்.எம்.ஆர். போட்டால் நோயைத் தடுக்க வாய்ப்பு உண்டு. உங்கள் வீட்டில் அந்த நேரம் கடந்துவிட்டது. ஆனாலும் ஆலையிலோ அக்கம்பக்கத்திலோ பிறகு தொடர்பு ஏற்பட்டவர்களுக்கு அது இன்னும் பயன்படும், ஆய்வாளரிடம் கேளுங்கள். உங்களுக்கும் உங்கள் கணவருக்கும், முன்பு போட்டதற்குப் பதிவு இல்லை என்றால், குறைந்தது 28 நாள் இடைவெளியில் இரண்டு ஊசிகளைப் போட்டுக்கொள்ளலாம். முன்பே போட்டிருந்து மறுபடி போட்டாலும் கெடுதல் இல்லை. நீங்கள் குழந்தைப்பேற்றுக்குத் திட்டமிட்டிருந்தால், ஊசிக்குப் பிறகு ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள்.

ஓரகத்திக்கு இன்று செலுத்திய எதிர்ப்புரதம் தற்காலிகமானது. சில மாதங்களில் அது உடலை விட்டுப் போய்விடும். நோய் வராமல் தப்பினால், பிரசவத்துக்குப் பிறகு அவருக்கு எம்.எம்.ஆர். தேவை. தாய்ப்பால் கொடுக்கும்போதும் அதைப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் எதிர்ப்புரதம் செலுத்திய தேதியிலிருந்து சில மாதங்கள் கழிய வேண்டும், இல்லாவிட்டால் ஊசி பலனளிக்காது. இன்றைய தேதியையும் மருந்தின் பெயரையும் அவருடைய கர்ப்பகாலப் புத்தகத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். பிரசவம் பார்க்கும் இடத்தில் அதைக் கேட்பார்கள்.